ஏடு படிக்கும் கல்வி

நைல் கரையில் வளரும் ஒருவகைக் கோரையின் தண்டைக் கீறி அடுக்கிச் செய்த எழுதுதாளே பாப்பிரஸ். எகிப்தின் ஆக்சிரிங்கஸ் மணலில் ஆங்கிலேய அறிஞர்களான கிரென்ஃபெல்லும் ஹண்ட்டும் அகழ்ந்தெடுத்த கிரேக்கப் பாப்பிரஸ்களின் முதல் தொகுதி வெளிவந்த 1898ஆம் ஆண்டில்தான், கும்பகோணம் கல்லூரியில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்த உ. வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்தார்.

மெய்க்குப் புள்ளியின்றி, எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடு தோன்றாமல் எழுதப்பட்டு, ஓரம் செல்லரித்த ஓலைகளை ஒப்பிட்டு, பாடவேறுபாடுகளுள், அதாவது ஏட்டுக்கு ஏடு மாறிக் கிடக்கும் சொற்களுள், மூலம் எதுவெனத் துணிவது, புதுநூல் இயற்றுவதினும் அரிய பணியாகும். அதற்கு அவர் தம் வாழ்நாளையே ஈந்தார். அவர் தேடிச் சேர்த்த ஏடுகள், 1943இல் அவர் பெயரால் நிறுவப்பட்டு இன்று சென்னைப் பெசன்ட் நகரில் இயங்கும் நூலகத்தில் காக்கப்படுகின்றன; ஏடு படிக்கும் கல்வியில் நாட்டங்கொண்ட தாம்பரம், வேளச்சேரிப் பகுதி மாணவர்களுக்கு மூலச் சுவடிகள் இத்துணை அருகில் உள்ளன.