மிதமான நடை

நடப்பதற்குத் திட்டம் வேண்டுமா என்று கேட்பதில் அர்த்தமில்லை. திட்டமில்லாமல் பாலாற்று மணலில் இறங்குகிறவன் பத்து மணிக்கு மேல் உள்ளங்கால் வெந்து கரையேறிவிடுவான். அந்தத் திட்டம் யாரை மனதில் வைத்துப் போடப்படுகிறது என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்கிற கேள்வி.

காஞ்சிபுரத்தில் நாங்கள் நாலு பேர் ஒரு காகிதத்தில் எழுதினோம்: ஓரிக்கையில் தொடக்கம், ஆற்றின் வடகரையோடு வாலாஜாபாத், அங்கிருந்து பழையசீவரம், மலையேறி இறங்கி, பாலம் கடந்து திருமுக்கூடலில் முடிவு. இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒருவர் ஓரத்தில் 'மிதமான நடை' என்று குறித்தார். மிதம் என்பது யாருடைய கால்களால் அளக்கப்பட்டது? எங்களில் ஒருவர் பட்டு நெய்கிறவர். நாள் முழுக்க குழித்தறியில் கால் தொங்கவிட்டு மிதிக்கிறவருடைய கால்கள் எத்தனையோ மைல் மிதித்தும் ஓர் அடி நகர்ந்ததில்லை. அவருக்கு இது மிதமா, கடினமா என்பதை எங்கள் காகிதத்தால் சொல்ல முடியவில்லை.

திட்டத்தில் 'வனப்பகுதி' என்றும் ஒரு சொல் இருந்தது. வனம் என்று அங்கே பெரும்பாலும் இருப்பது சீமைக்கருவேல். கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடி வயலூரில் கடலில் விழுவதாகப் புத்தகங்கள் சொல்கிற ஆறு, இங்கே ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிறது. மணலும் அள்ளப்பட்ட இடத்தில் பள்ளமாகக் கிடக்கிறது. 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டுப் போன வெள்ளத்தைப் பார்க்க ஊரே திரண்டு நின்றது. ஆற்றில் தண்ணீர் என்பது அவ்வளவு அபூர்வமான செய்தி. மரமும் நீரும் மட்டுமே வேண்டுமென்றால் வேறு எங்காவது பூங்காவில் சீட்டு வாங்கிக்கொண்டு பார்க்கலாம். வேகவதியில் ஓடும் ஊர்ச் சாக்கடையையும் மணல் பள்ளங்களையும் சுற்றிப் போகிற பாதையை ஒரு நண்பர் வரைந்து காட்டினார். எதைப் பார்க்காமல் இருப்பது என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வதை இயற்கை ரசனை என்று என்னால் ஏற்க முடியவில்லை. சாக்கடை காகிதத்தில் மறுபடி சேர்க்கப்பட்டது. இது சிறிய விஷயம்.

பெரிய விஷயம் நெசவு நண்பர் கேட்டது. "போறோம், சரி. அங்க யாரு நமக்காகக் காத்துக்கிட்டிருக்கா?"

இதை நடைமுறைக் கேள்வியாகத்தான் கேட்டார். சோறு யார் போடுவார்கள் என்கிற அர்த்தமாகக்கூட இருக்கலாம். ஆனால் நடையைப் பற்றி நாம் படித்த எல்லாவற்றையும் அது புரட்டிப் போடுகிறது. 1862இல், இறந்த பிறகு அச்சான தன் கட்டுரையில் தோரோ நடப்பவனுக்குத் தகுதி விதிக்கிறார்: தாய் தந்தை, மனைவி மக்களை விட்டுப் போகத் துணிந்தவன், கடன் அடைத்தவன், உயில் எழுதிவிட்டவன். அதாவது, எவரும் தனக்காகக் காத்திராதபடி கணக்கை முடித்தவன். கோர்வைப் புடவை நெய்பவரால் இது ஆகாது. மூன்று நாடா ஓடும் தறியில் கூட ஓர் ஆள் உட்கார வேண்டும். இவர் ஒரு நாள் நடக்கப் போனால் இரண்டு பேருக்குக் கூலி இல்லை. தோரோவின் சுதந்திரம் உண்மையானதுதான். ஆனால் அது தறியில் உட்காராதவனின் சுதந்திரம்.

இதே வழியில் இன்னொருவர் ஆண்டுதோறும் போகிறார். பொங்கலுக்கு மறுநாள் பார்வேட்டைக்காக வரதராஜப் பெருமாள் காஞ்சியிலிருந்து புறப்பட்டுப் பழையசீவரம் போய், மலையேறி இறங்கி, பாலாற்றைக் கடந்து திருமுக்கூடல் சேர்கிறார். சுற்றுப்புறப் பெருமாள்களும் அங்கே வந்து கூடுகிறார்கள். பெயர் வேட்டை, விலங்கு எதுவும் வீழ்வதில்லை. எங்கள் காகிதத்தைவிடப் பன்மடங்கு நுணுக்கமான திட்டம் அது. எந்த ஊரில் நிற்பது, யாருடைய மண்டகப்படி முதலில் என்பதெல்லாம் வழக்கத்தால் இறுகியவை. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போனால் சண்டை வரும். எங்கள் திட்டத்தை நாங்கள் எந்த இடத்தில் மீறினாலும் கேட்க நாதியில்லை. அதனாலேயே அது லேசாகத் தோன்றியது. அதனாலேயே அதில் ஏதோ பொய் இருப்பதாகவும் எனக்குப் பட்டது. பார்வேட்டையின் திட்டம் வழியில் நிற்கிறவர்களுக்குக் கொடுத்த வாக்கு. எங்களுடையது எங்களுக்கே நாங்கள் எடுத்துக்கொண்ட காப்பீடு.

திருமுக்கூடல் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 11ஆம் நூற்றாண்டினது, அங்கிருந்த ஆதுலர் சாலையைப் பற்றிச் சொல்கிறது. பதினைந்து படுக்கை. மருத்துவர், சல்லியம் செய்பவர், நோயாளிகளைப் பார்க்கும் பெண்கள், இவர்களோடு மூலிகையும் விறகும் கொண்டுவர இரண்டு பேர். ஒவ்வொருவருக்கும் நெல்லும் காசும் இவ்வளவு என்று நிர்ணயம். இந்த இரண்டு பேரைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். ஆற்றோரமும் மலைச்சரிவும் அவர்களுக்கு அன்றாட நடை. அவர்கள் இலையைப் பார்த்த பார்வையில் பதினைந்து படுக்கைகள் இருந்தன. அழகு தெரிந்திருக்காது என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. ஆயிரம் செடிகளில் ஒன்றைப் பிரித்தறியும் கண், கவிஞனுடைய கண்ணைவிட மந்தமாக இருக்க முடியாது.

இந்த இடத்தில் ஓர் அபாயம் இருக்கிறது. யாருக்குப் பயன் என்ற தடியை எடுத்துக்கொண்டு கவிதையை அடிக்க வந்தவர்களை இந்த வாசகர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நண்பரின் கேள்வி அந்தத் தடியாகிவிடக் கூடாது. காத்திருப்பு வேறு, தேவை வேறு. மண்டபத்தில் நிற்கிற கிழவிக்குப் பெருமாள் வந்து போனதால் வரும்படி எதுவுமில்லை. அவள் காத்திருந்தாள், அவ்வளவுதான். உத்தரவு இன்னொன்று. அதற்கும் இந்த வழியிலேயே கதை உண்டு. கணிகண்ணன் அரசனைப் பாட மறுத்தான், நாடுகடத்தப்பட்டான். அவன் போகிறான் என்று ஆசான் திருமழிசையாழ்வார் புறப்பட்டார். அவர் சொன்னதற்காக வெஃகாவில் படுத்திருந்த பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனார். மூவரும் ஓரிரவு தங்கிய இடம் ஓரிரவிருக்கை. இன்றைய ஓரிக்கை. எங்கள் தொடக்கப் புள்ளி.

எந்தத் திட்டமும் இல்லாத நடை அது. போகிற இடத்தில் எவரும் காத்திருக்கவுமில்லை. தோரோ சொன்னபடி கணக்குத் தீர்த்துவிட்டுப் போனவர்களும் அல்ல. ஒருவனால் இருக்க முடியவில்லை, மற்ற இருவர் உடன்போனார்கள். நெசவு நண்பரிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நான் இல்லாம நீங்க போகக் கூடாது," என்றார். விளையாட்டாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. நான் அதைப் பதிலாகவே எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் குறித்திருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதை அடித்தாகிவிட்டது. அவர் தறியில் இப்போது ஓடும் பாவில் இன்னும் ஒன்றரைப் புடவை பாக்கி. அது அறுத்து, அடுத்த பாவு பிணைக்கிற நாளில் அவருக்கும் உடன் உட்காரும் பையனுக்கும் வேலை இராது. பையனும் வருகிறானாம். ஐந்து பேர். தண்ணீர் கூடுதலாக எடுத்துக்கொள்ள வேண்டும்.