எழுந்து உண்பதும் அறமே

பசித்திருப்பது அறம் என்று நமக்குச் சிறுவயது முதலே கற்பிக்கப்பட்டிருக்கிறது. தவக்காலத்தில் ஒருவேளை உணவைத் துறப்பவரை மெச்சுகிறோம். அளவின்றி உண்பவரைக் கண்டால் முகம் சுளிக்கிறோம். ஆனால், பட்டினியிலிருந்து மீண்டும் உணவுக்குத் திரும்புவது அறமாகுமா என்னும் வினாவை நாம் எழுப்புவதில்லை. இன்று அதை எழுப்பியே ஆகவேண்டியிருக்கிறது.

திருமணத்திற்கு நாள் குறித்தவுடன், உடல் இளைக்க வேண்டும் என்று சோற்றை அறவே ஒதுக்கிவிடும் பெண்கள் நம் பங்குகளில் இருக்கிறார்கள். யாரோ சொன்ன ஒரு கேலிச் சொல்லுக்காகப் பழச்சாற்றையும் வெந்நீரையும் மட்டும் அருந்தி வாரக்கணக்கில் காலந்தள்ளும் மாணவ மாணவியர் இருக்கிறார்கள். இதற்கு 'டயட்' என்று பெயர். எடை குறைகிறது, பாராட்டும் கிடைக்கிறது. பின்னர் தலைச்சுற்றல், முடி உதிர்தல், மாதவிலக்கு நின்றுபோதல், எதிலும் நாட்டமின்மை என்று ஒவ்வொன்றாக வருகின்றன. மருத்துவர் உண்ணச் சொல்கிறார். உண்மையான போராட்டம் அப்போதுதான் தொடங்குகிறது. தட்டின் முன் அமரும்போது, தாம் தோற்றுவிட்டதாக அவர்களுக்குத் தோன்றுகிறது. உண்பதையே பாவமாக எண்ணி உள்ளம் நொறுங்குவோரும் உண்டு.

இத்தகையோருக்குப் புனித இஞ்ஞாசியாரின் வாழ்வு ஒரு விளக்கு. 1521-இல் பம்ப்லோனா கோட்டையில் காலில் குண்டடிபட்டு, மனம் மாறிய அவர், அடுத்த ஆண்டில் மன்ரேசா என்னும் ஊரில் தங்கிக் கடுந்தவம் புரிந்தார். செய்த பாவங்களை முழுமையாக அறிக்கையிட்டோமா என்ற ஐயம் அவரை ஓயாமல் வதைத்தது. மன அமைதி கிடைக்கும்வரை உண்பதில்லை, பருகுவதில்லை என்று உறுதி பூண்டார். ஒரு ஞாயிறு தொடங்கி மறு ஞாயிறுவரை அப்படியே இருந்தார். அவருக்கு ஒப்புரவு வழங்கிவந்த குரு இதை அறிந்ததும், உடனே நோன்பை முடிக்கும்படி கட்டளையிட்டார். தம் உடலில் இன்னும் வலு இருப்பதாக இஞ்ஞாசியார் உணர்ந்தபோதிலும், கீழ்ப்படிந்து உண்டார்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அவர் பட்டினி கிடந்ததில் அவருடைய மனவலிமை வெளிப்பட்டது. உண்டதில் அவருடைய தாழ்ச்சி வெளிப்பட்டது. இவ்விரண்டில் எது கடினம்? நம் விருப்பத்தால் தொடங்கியதை நம் விருப்பத்தாலேயே நீட்டிப்பது எளிது. அதில் தற்பெருமைக்கும் இடமுண்டு. 'எனக்கு உணவு தேவை. நான் படைக்கப்பட்டவன்' என்று ஒப்புக்கொள்வதோ எளிதன்று.

மன்ரேசாவின் கடுமை இஞ்ஞாசியாரின் உடல்நலத்தைக் கெடுத்தது. அந்த அனுபவம் அவரைப் பிறருக்கு நிதானம் கற்பிப்பவராக்கியது. 1548-இல், கடும் நோன்பில் ஈடுபட்டிருந்த பிரான்சிஸ் போர்ஜியா என்னும் ஸ்பெயின் நாட்டுக் கோமகனுக்கு அவர் ஒரு மடல் எழுதினார். உடலும் ஆன்மாவும் இறைவனுடையவை. இரண்டுக்குமே நாம் அவருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். எனவே நோன்பைத் தளர்த்தி வயிற்றைத் தேற்றுக என்பது அதன் சாரம். பட்டினியின் விலையை அறிந்தவர் சொன்ன சொல் அது.

அப்படியானால் நோன்பு தேவையற்றதா? அல்ல. நோன்புக்கும் நாம் பேசும் பட்டினிக்கும் வேறுபாடு உண்டு. திருச்சபையின் நோன்புக்கு எல்லை உண்டு. திருநீற்றுப் புதனிலும் பெரிய வெள்ளியிலும் ஒருவேளை முழு உணவு உண்ணலாம். மற்ற வேளைகளில் சிறிதளவு கொள்ளலாம். பதினெட்டு வயது நிறைந்தவர் முதல் அறுபதாம் ஆண்டில் அடியெடுத்து வைக்காதவர் வரையே அது கட்டாயம். நோயுற்றோருக்கு விலக்கு உண்டு. நோன்பின் முடிவில் உயிர்ப்புப் பெருவிழா இருக்கிறது. நாம் துறந்த உணவு பசித்தவரின் தட்டுக்குச் செல்ல வேண்டும் என்பதே எசாயா இறைவாக்கினர் காட்டும் நோன்பு. கண்ணாடிக்காகவும் எடைக்கருவிக்காகவும் கிடக்கும் பட்டினியால் எந்த ஏழையின் வயிறும் நிறைவதில்லை. அதற்கு உயிர்ப்பு விழாவும் இல்லை.

மீண்டும் உண்ணத் தொடங்குவோரை மற்றோர் அச்சமும் பற்றிக்கொள்கிறது. பசி அடங்குவதில்லை, எந்நேரமும் உணவைப் பற்றியே நினைவு. 'நான் பெருந்தீனிக்காரியாகிவிட்டேனோ?' என்று கலங்குகிறார்கள். இதற்கு அறிவியல் ஆறுதலான விடை தருகிறது. 1944, 1945 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் ஓர் ஆய்வு நடத்தினார். போரில் ஆயுதமேந்த மனச்சான்று இடங்கொடாத 36 இளைஞர்கள் அதற்குத் தாமாக முன்வந்தார்கள். இருபத்து நான்கு வாரங்கள் அவர்களுக்கு வழக்கமான உணவில் ஏறத்தாழப் பாதியே அளிக்கப்பட்டது. அவர்கள் தம் எடையில் கால்பங்கை இழந்தார்கள், இதயத் துடிப்பு மந்தமாயிற்று, மனச்சோர்வு சூழ்ந்தது. சமையல் நூல்களைச் சேர்த்து ஆவலோடு படிக்கும் அளவுக்கு உணவே அவர்களது நினைவாயிற்று. மீண்டும் உணவு கிடைத்தபோது, வயிறு நிறைந்தும் பசி தீராமல் தவித்தவர்கள் அவர்களுள் இருந்தார்கள். இவர்கள் ஒழுக்கம் குன்றியவர்களா? இல்லை. இழந்ததை உடல் திரும்பக் கேட்டது, அவ்வளவே. பெருந்தீனி என்பது மனம் விரும்பிச் செய்யும் மிகை. நெடும்பட்டினிக்குப் பின் எழும் பசியோ உடலின் நியாயமான உரிமை. இவ்விரண்டையும் ஒன்றாக்கி நம்மை நாமே தண்டித்துக்கொள்வது சரியான மனச்சான்று ஆகாது.

திரும்பும் பாதையில் பொறுமை வேண்டும். பலநாள் கொடும்பட்டினி கிடந்தவர் திடீரென வயிறு நிறைய உண்டால், இரத்தத்திலுள்ள பாஸ்பேட் முதலிய உப்புகளின் அளவு சரிந்து இதயம் நிலைகுலையக்கூடும். இரண்டாம் உலகப் போரின் முடிவில் வதைமுகாம்களிலிருந்து மீட்கப்பட்டும், உணவு உண்ட பின் உயிரிழந்தவர்கள் உண்டு. ஆகவே மிகவும் மெலிந்துபோனவர்கள் மருத்துவரின் மேற்பார்வையில்தான் உணவைக் கூட்ட வேண்டும். மற்றவர்களும் வேளை தவறாமல், எளிய உணவை, சிறுகச் சிறுக உண்டு பழகுவது நன்று. உணவைப் பற்றிய அச்சமும் மருத்துவ உதவி தேவைப்படும் ஒன்றே. செபத்தோடு மருத்துவத்தையும் நாடுவது விசுவாசக் குறைவு ஆகாது. தம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் உணவுக்கென்று எட்டு விதிகளைத் தரும் இஞ்ஞாசியார், அடுத்த வேளைக்கான அளவைப் பசியில்லாத நேரத்திலேயே முடிவு செய்துகொள்ளச் சொல்கிறார். அளவைக் கடப்போருக்கென அவர் சொன்னது, உண்ண அஞ்சுவோருக்கும் பயன்படும். பசியின் வேகமும் பயத்தின் நடுக்கமும் இல்லாத வேளையில் முடிவெடுத்துவிட்டால், உணவு வந்தபின் மனத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

குடும்பத்தாருக்கும் ஒரு கடமை உண்டு. யாயிரின் மகளை உயிர்ப்பித்த நம் ஆண்டவர், அடுத்து அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி வீட்டாரிடம் சொன்னதாக மாற்கு எழுதுகிறார். மீண்டு வந்தவருக்கு உணவளிப்பது அன்று அவ்வீட்டாரின் பொறுப்பாயிற்று. இன்று நம் வீடுகளில் நடப்பது என்ன? இளைத்தால் 'என்ன இப்படி வாடிவிட்டாய்' என்கிறோம். தேறினால் 'கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாயே' என்று சிரிக்கிறோம். நாம் விளையாட்டாகச் சொல்லும் அந்தச் சொல், ஒருவர் கையிலெடுத்த கவளத்தைக் கீழே வைக்கச் செய்துவிடும். பிறருடைய உடலைப் பற்றிய பேச்சில் நாவை அடக்குவதையும் தவக்கால ஒறுத்தல்களுள் ஒன்றாகக் கொள்ளலாமே.

வாழ்வு வெறுத்துச் சூரைச் செடியின் அடியில் படுத்து, சாவை வேண்டிக் கிடந்தார் எலியா. அவரிடம் வந்த வானதூதர் கடிந்துகொள்ளவில்லை; எழுந்து உண்ணச் சொன்னார். எலியா உண்டு மீண்டும் உறங்கிவிட்டார். தூதர் இரண்டாம் முறையும் வந்தார்; நெடும்பயணம் இருக்கிறதென்று சொல்லி மறுபடியும் உண்ணச் செய்தார். அந்த உணவின் வலிமையால் எலியா நாற்பது நாள் நடந்து, ஆண்டவரின் மலையாகிய ஓரேபை அடைந்தார். இறைவன் நமக்கெனக் குறித்த வழியும் நெடியதே. நடக்க வேண்டிய தொலைவுக்கேற்ப உண்போம். உண்ண அஞ்சுகிறவருக்கு அருகிருந்து பரிமாறுவோம். தந்தவருக்கு நன்றி கூறுவோம்.