பந்தி வஞ்சனை

2012 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் வட எல்லை மாகாணமான லிம்போபோவில் பள்ளிகள் திறந்தன. தொடக்க வகுப்புகளுக்கும் 10ஆம் வகுப்புக்கும் அந்த ஆண்டில்தான் புதிய பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. பாடத்திட்டம் வந்தது, பாடப்புத்தகம் வரவில்லை. ஜனவரி போயிற்று, மார்ச் போயிற்று, மே மாதமும் பிறந்தது. ஆசிரியர்கள் கரும்பலகையில் எழுதிப்போட, பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

புத்தகக் கொள்முதலை மாகாணக் கல்வித் துறை ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் விட்டிருந்தது. ஒப்பந்தத்தில் முறைகேடு இருக்கிறது என்று சுட்டிக்காட்டிய துறை அதிகாரி ஒருவர் வேலையை இழந்தார். மாகாணத்தின் நிதி நிலைமை சீர்கெட்டு, 2011 டிசம்பரிலேயே கல்வி உள்ளிட்ட ஐந்து துறைகளை மத்திய அரசு தன் பொறுப்பில் எடுத்திருந்தது. அப்படி எடுத்த பிறகும் புத்தகம் வரவில்லை.

'செக்சன் 27' என்ற பொதுநல அமைப்பு, ஒரு பள்ளியோடும் பெற்றோரோடும் சேர்ந்து நீதிமன்றப் படியேறியது. புத்தகம் தராதது அடிப்படைக் கல்வி உரிமையை மீறிய செயல் என்று மே 17 அன்று தீர்ப்பு வந்தது. ஜூன் 15க்குள் கொடுத்து முடிக்கவும் நீதிமன்றம் உத்தரவிட்டது. கெடு தவறியது. நீட்டித்த கெடுவும் தவறியது. ஏறத்தாழ எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன என்று அரசுத் தரப்பு சொல்லிக்கொண்டிருந்தது. கல்வியாளர் மேரி மெட்கால்ஃப் தலைமையில் சரிபார்த்தபோது, ஜூலை 3 வரையில் 48 சதவீதமே சேர்ந்திருந்தது தெரியவந்தது.

அடுத்த ஆண்டுகளிலும் குறை தீரவில்லை. லிம்போபோ பள்ளிச் சமூகத்தினர் கூடி அமைத்த 'அனைவருக்கும் அடிப்படைக் கல்வி' என்ற சங்கம் மறுபடியும் வழக்குத் தொடுத்தது. மிகப் பெரும்பாலான மாணவர்களுக்குக் கொடுத்தாயிற்று, ஒருவர்கூட விடுபடக் கூடாது என்பது எட்ட முடியாத முழுமை என்பது அரசின் வாதம். இங்கேதான் அறம் சார்ந்த கேள்வி எழுகிறது. பெரும்பாலோருக்குக் கிடைத்துவிட்ட பிறகும், விடுபட்ட சிலருக்காக அரசை விடாமல் துரத்துவது நியாயமா? அல்லது அது நடைமுறை அறியாத பிடிவாதமா?

அரசின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. லட்சக்கணக்கான புத்தகங்களை அச்சிட்டு, கட்டி, மண்பாதைகள் வழியே ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு அனுப்பும் வேலையில் சில கட்டுகள் தவறிப்போவது இயல்பு. எந்த நிர்வாகமும் மனிதர்களால் ஆனது. தற்செயலான பிழையைக் குற்றமாக்கினால் நேர்மையான ஊழியரும் அஞ்சி ஒதுங்குவார்.

ஆனால் பிழை தற்செயலானது என்றால், அது எல்லாத் திசையிலும் சிதறி விழ வேண்டும். இந்த ஆண்டு நகரப் பள்ளியில், அடுத்த ஆண்டு கிராமப் பள்ளியில் என்று மாறி மாறி விழ வேண்டும். லிம்போபோவில் அப்படி விழவில்லை. அந்த மாகாணம் வேந்தா, கசான்குலு, லெபோவா என்று இனவெறி ஆட்சி கறுப்பின மக்களுக்கென ஒதுக்கிவைத்த தாயகப் பகுதிகளையும் சேர்த்து உருவானது. கறுப்பினக் குழந்தைகளுக்குத் தாழ்ந்த கல்வி போதும் என்று 1953இல் பாண்டு கல்விச் சட்டம் இயற்றப்பட்ட நாடு அது. அன்று சட்டம் போட்டு மறுத்ததை இன்று ஊழலும் அலட்சியமும் மறுக்கின்றன. மறுக்கப்படுகிற குழந்தை மாறவில்லை.

தமிழில் இதற்கு ஒரு பழைய பெயர் உண்டு: பந்தி வஞ்சனை. ஒரே வரிசையில் அமர்ந்தவர்களில் ஒருவருக்கு நெய்யும் ஒருவருக்கு வெறும் சோறும் போடுவது பாவம் என்று நம் வீடுகளில் சொல்லி வளர்த்தார்கள். அதனால்தான் விருந்து வைப்பவர் பந்தி விசாரிக்கிறார். வரிசையின் கடைசி இலை வரை நடந்துபோய், யாருக்கு என்ன வரவில்லை என்று கேட்கிறார். நூற்றில் தொண்ணூற்றேழு இலையில் பரிமாறியாயிற்று என்று எந்த வீட்டுக்காரரும் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்வதில்லை. வெற்று இலையின் முன் இருப்பவருக்குப் பக்கத்து இலையின் நிறைவு பசியாற்றாது. கல்வி உரிமையும் அப்படித்தான். அது ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே உரியது. சராசரிக்கு உரிமை கிடையாது.

ஊழலையும் ஏற்றத்தாழ்வையும் இரண்டு தனி நோய்களாகப் பார்ப்பவர்கள் உகாண்டாவின் அனுபவத்தை அறிய வேண்டும். 1991 முதல் 1995 வரை தொடக்கப் பள்ளிகளுக்கு மாணவர் தலைக்கு இவ்வளவு என்று அந்த அரசு ஒதுக்கிய மானியத்தில், சராசரியாக 13 சதவீதமே பள்ளிகளை எட்டியது என்று ரெய்னிக்கா, ஸ்வென்சன் என்ற பொருளியல் அறிஞர்களின் ஆய்வு காட்டியது. மீதி இடையிலேயே கரைந்தது. வசதியுள்ள ஊர்ப் பள்ளிகள் தங்கள் பங்கைக் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொண்டன. ஏழை ஊர்களுக்குத் தங்களுக்கு வர வேண்டியது எவ்வளவு என்பதே தெரியவில்லை. திருட்டு எல்லோரையும் சமமாகத் தொடுவதில்லை. கேட்க முடியாதவரிடம்தான் அது நிலைத்துத் தங்குகிறது. பிறகு அரசு, பள்ளிகளுக்கு அனுப்பிய தொகையை நாளிதழ்களில் வெளியிட்டபோது நிலைமை பெரிதும் மாறியது. கணக்கு தெரிந்ததும் கேள்வி பிறந்தது.

வழக்குக்கும் போராட்டத்துக்கும் செலவிடுவதைவிட, அந்தப் பணத்தில் புத்தகம் வாங்கிக் கொடுத்துவிடலாமே என்று நல்லெண்ணம் உள்ளவர்களே கேட்பதுண்டு. இதில் உண்மை இருக்கிறது. தீர்ப்பு வரும்வரை கல்வியாண்டு காத்திராது. பத்தாம் வகுப்புக் குழந்தைக்கு அந்த ஆண்டு திரும்பி வராது. கண்முன் பசித்திருப்பவருக்குச் சோறு போடாமல் உரிமை பேசுவது கொடுமை.

ஆயினும், கொடையோடு நின்றுவிட்டால் இரண்டு தீங்குகள் நேர்கின்றன. தனக்குச் சேர வேண்டியதைப் பெறுகிற குழந்தை, யாரோ இரக்கப்பட்டுத் தந்ததாக எண்ணித் தலைகுனிகிறது. குழந்தைக்கு உரியதை வழியில் விழுங்கியவர், குறை மறைந்துவிட்டதால் தப்பித்துக்கொள்கிறார். ஆகவே உடனடி உதவி செய்யட்டும். செய்தவர், எது எங்கே எத்தனை நாள் வரவில்லை என்பதையும் பதிவு செய்யட்டும். கொடுத்ததை மட்டும் சொல்லி, கொடுக்க நேர்ந்த காரணத்தைச் சொல்லாமல் விடும் கருணை பாதிக் கருணைதான்.

உரிமைக்காகக் குரல் கொடுப்பவர்களுக்கும் கடமைகள் உண்டு. தேர்தலில் நிற்காதவர்கள் மக்களின் பெயரால் பேசும்போது, அந்தப் பேச்சு பெற்றோரிடமிருந்தும் ஆசிரியரிடமிருந்தும் புறப்பட வேண்டும். சொல்வதற்கு முன் எண்ண வேண்டும். மிகைப்படுத்திய ஒரு புகார், உண்மையான பத்துப் புகார்களைப் பொய்யாக்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, தகவல் தந்த தலைமையாசிரியரையும் அதிகாரியையும் தனியே நிறுத்திவிட்டு அடுத்த போராட்டத்துக்குப் போய்விடக் கூடாது. உண்மை சொன்னவர் வேலை இழப்பதைப் பார்த்தபின், அடுத்தவர் வாய் திறப்பாரா?

2015 டிசம்பர் 2 அன்று தென்னாப்பிரிக்க உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசின் வாதத்தை ஏற்க மறுத்தது. குறித்த பாடப்புத்தகம் ஒவ்வொன்றும், அந்தப் பாடத்தைக் கற்பிக்கத் தொடங்கும் முன்பே, ஒவ்வொரு மாணவருக்கும் கிடைப்பது அடிப்படைக் கல்வி உரிமையின் பகுதி என்றது. மற்றவர்களுக்குக் கிடைத்தது லிம்போபோ குழந்தைகளுக்குக் கிடைக்காதது சமத்துவத்துக்கும் கண்ணியத்துக்கும் எதிரானது என்றும் சொன்னது. கடைசிக் குழந்தைக்காகக் கேட்டது பிடிவாதம் அல்ல என்று சட்டமும் ஒப்புக்கொண்டது.

நம் இந்தியாவிலும் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கல்வி அடிப்படை உரிமை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. பந்தி விசாரிக்கும் பொறுப்பைச் சட்டமே பெற்றோர் கையில் கொடுத்திருக்கிறது. அந்தக் குழுக் கூட்டத்துக்குப் போகிறவர்கள், எத்தனை பேருக்கு வந்தது என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். யாருக்கு வரவில்லை என்று கேளுங்கள். அந்தக் குழந்தையின் பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தப் பெயரிலிருந்தே பேச்சைத் தொடங்குங்கள்.