ஈட்டில் இருக்கும் நகை யாருடையது?

வெங்காயமும் புகையிலையும் நடுகிற காலத்தில் வடமராட்சிப் பெண்களின் காப்பும் சங்கிலியும் நெல்லியடி வங்கிகளுக்கு அடைவுக்குப் போகும். விளைச்சல் காசானதும் மீளும். மீட்க முடியாமற் போனால் "அறுதியாப் போட்டுது" என்பார்கள். வங்கி அத்தோடு கணக்கை மூடிவிடும். அறமும் மூடிவிடலாமா?

புறநானூற்றின் 316ஆம் பாட்டில் வரும் வீரன், முந்தின நாள் வந்த விருந்தினருக்காகத் தன் பழைய வாளை ஈடு வைத்தவன். இன்று பாணன் தன் சிறிய யாழையே பணையமாக வைக்க முன்வருகிறான். இருவரும் விற்கவில்லை என்பதே முக்கியம். விற்றவனுக்குப் பொருளோடு உறவு முடிந்தது. ஈடு வைத்தவன் திரும்பி வருவேன் என்று சொல்லிப் போகிறான். வாள் மீளாவிட்டால் அவன் எதைக்கொண்டு போருக்குப் போவான்?

கடன் கொடுத்தவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. தவணை தப்பிய நகையை விற்க முடியாதென்றால், அவசரத்துக்கு ஏழைக்குக் காசு கொடுக்க யாரும் வரமாட்டார்கள். ஆனால் அந்த உரிமை முதலும் வட்டியும் எட்டும் அளவுக்குத்தான். ஏலத்தில் மிஞ்சுவது நகைக்காரியுடையது. அறிவித்தல் அவள் கையில் கிடைத்ததை உறுதிசெய்யாமல் ஏலம் கூறுவது, சட்டம் அனுமதித்தாலும் தவறு. தாயின் சீதனமாக வந்த அட்டியலையும் தாலிக்கொடியையும் தராசு பவுணாக மட்டுமே அறியும். உருக்கியபின் அதே எடைக்குத் தங்கம் கொடுத்தாலும் அந்த அட்டியல் திரும்பி வராது.

தவணை தவறாதவர்களும் இழந்திருக்கிறார்கள். 1994இல் விடுதலைப் புலிகள் தொடங்கிய தமிழீழ வைப்பகத்தில் மக்கள் அடைவு வைத்த நகைகள், போரின் முடிவில் இராணுவத்தின் கைக்குப் போயின. 2014 ஒக்டோபரில் கிளிநொச்சியில் சிலருக்கு அவர்களுடைய நகைகள் திருப்பிக் கொடுக்கப்பட்டன. இராணுவத்திடம் இருந்தவற்றில் பல 2025 மே மாதத்தில் பொலிஸாரிடம் ஒப்படைக்கப்பட்டன. இங்கே கடன் வாங்கியவர்கள் வாக்குத் தவறவில்லை. மீட்கப் போவதற்கு இடமே இல்லாமற் போனது. ஆகவே அரசு இந்தத் தங்கத்துக்குக் காவலாள் மட்டுமே, உரிமையாளர் அல்ல.

அடைவுத் துண்டு எங்கே என்று கேட்பது எளிது. இடம்பெயர்ந்து ஓடியவர்கள் பலரிடம் உயிரைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. கண்ணகியிடமும் துண்டு இருக்கவில்லை. தன் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கம் என்று சொன்னாள். பாண்டியன் அவையில் அவளே அதை உடைத்துக் காட்டினாள். இன்றும் ஒரு தாய் தன் காப்பின் வேலைப்பாட்டையும், எந்த இடத்தில் பற்றவைத்தது என்பதையும் சொல்வாள். அந்த வாய்மொழியைச் சாட்சியாக ஏற்கவேண்டும். நகைகளின் படங்களைப் பிரதேச செயலகங்களில் மக்கள் பார்க்கும்படி வைக்கவேண்டும். உரியவர் தேடி முடியும்வரை ஒரு மோதிரத்தைக்கூட உருக்கவோ விற்கவோ கூடாது.