கறைபட்ட கையின் நீதி

1970-களின் இத்தாலியில், மிலான், ரோம், பாலெர்மோ முதலிய நகரங்களைக் களமாகக் கொண்டு ஏராளமாக வெளிவந்த குற்றப் படங்களைப் 'பொலிசியோத்தெஸ்கோ' என்ற பெயரால் குறிப்பது வழக்கம். காவல்துறைக் கதைகளில் மலிவான சரக்கு என்ற இளக்காரம் தொடக்கத்தில் அப்பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இவற்றுள் பலவற்றில் சட்டத்தின் மெத்தனத்தைக் கண்டு பொறுமையிழந்த காவல் அதிகாரியே நாயகன் என்பதால் அவை எழுப்பும் அறக்கேள்வி எளியது. அதன் விடையும் படம் தொடங்கும்போதே தெரிந்துவிடுகிறது. அவற்றுக்கு அருகில் நிற்கும் ஒரு சிறு தொகுதி வேறு தன்மையுடையது. கூலி வாங்கிக்கொண்டு கொலை செய்வதையே பிழைப்பாகக் கொண்டிருந்தவனோ, அத்தகையோர் நடுவில் வாழ்ந்தவனோ, தனக்கு நேர்ந்த கொடுமைக்குப் பழிவாங்கப் புறப்படுவதை இவை சொல்கின்றன. செர்ஜியோ சொல்லீமாவின் 'சித்தா வியோலெந்தா' (1970), ஃபெர்னாந்தோ தி லேயோவின் 'மிலானோ காலிப்ரோ 9', 'லா மாலா ஓர்தினா' (இரண்டும் 1972), துச்சோ தெஸ்ஸாரியின் 'டோனி அர்சென்தா' (1973) ஆகியவை இத்தொகுதியின் முதன்மையான படங்கள். அரை நூற்றாண்டு கடந்தும் இவற்றுக்குப் பார்வையாளர்கள் இருப்பதைத் துப்பாக்கிச் சண்டையின் கிளர்ச்சி என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. தன் கையே கறைபட்ட ஒருவன் நீதி கேட்கலாமா, கேட்டால் அக்குரலுக்கு மனிதர் ஏன் செவிசாய்க்கின்றனர் என்ற பழைய சமயக் கேள்வி இக்கதைகளின் அடியில் கிடக்கிறது.

'டோனி அர்சென்தா'வில் ஆலன் தெலோன் ஏற்ற பாத்திரம், மாஃபியா தலைவர்களின் நம்பிக்கைக்குரிய கொலையாளி. மகன் வளர்ந்துவருவதைக் கண்டு தொழிலிலிருந்து விலக அவன் விரும்பும்போது, இவ்வளவு இரகசியங்களை அறிந்தவனை உயிரோடு விட இயலாது என்று முடிவெடுக்கும் தலைவர்கள் அவனைக் கொல்லக் காரில் வெடிகுண்டு வைக்கின்றனர். அதில் சிக்கிச் சாகிறவர்கள் அவனுடைய மனைவியும் மகனும். அதன்பின் அவன் அத்தலைவர்களை ஒவ்வொருவராகத் தேடிக் கொல்வதே படம். அவனுடைய துக்கம் உண்மையானது, அதில் ஐயமில்லை. ஆயினும் அவன் இதுவரை கூலிக்குக் கொன்ற மனிதர்களுக்கும் வீட்டில் காத்திருந்தவர்கள் இருந்திருப்பர் என்பதும், அவ்வீடுகளின் அழுகைக்கு அவன் பதில் சொன்னதே இல்லை என்பதும் அதே அளவு உண்மை. அறவியலார் 'முறையிடும் தகுதி' என்று ஒன்றைப் பேசுவதுண்டு. தான் செய்யும் குற்றத்தையே பிறர் செய்தால் அவர்களைக் கண்டிக்க ஒருவனுக்கு உரிமை உண்டா என்பது அதன் சாரம். அர்சென்தாவுக்கு அத்தகுதி இல்லை. பார்வையாளர் அதை அறிந்தே அவன் பக்கம் நிற்கிறார் என்பதுதான் இப்படங்களின் விசித்திரமான வலிமை.

இவ்வலிமை உச்சம் அடையும் இடம் 'லா மாலா ஓர்தினா'வில் உள்ளது. மாரியோ அடோர்ஃப் நடித்த லூக்கா கனாலி கொலையாளிகூட அல்லன். பெண்களை வைத்துப் பிழைக்கும் மிலான் தெருத்தரகன். அவன் செய்யாத ஒரு போதைப்பொருள் திருட்டுக்காக அவனைத் தீர்த்துக்கட்ட நியூயார்க்கிலிருந்து இரண்டு கூலிக்கொலையாளிகள் வந்திறங்குகிறார்கள். மனைவியையும் சிறுமகளையும் ஒரு வேன் மோதிக் கொன்றுவிட்டு விரைய, கனாலி முதலில் கால்களால் ஓடித் துரத்துகிறான். பிறகு ஓடும் வண்டியைப் பற்றித் தொங்குகிறான். கைகள் இரண்டும் பிடிப்பில் இருப்பதால் முன்கண்ணாடியைத் தன் நெற்றியாலேயே மோதி மோதி உடைக்கிறான். அதுவரை அற்பன் என்று பார்வையாளர் ஒதுக்கிவைத்திருந்தவன், இரத்தம் வழியும் அந்த முகத்தோடு, சில நிமிடங்களில் துக்கத்தின் முழு உருவமாகிவிடுகிறான். துன்பத்தின் முன் தகுதி பற்றிய வழக்கு எழுவதில்லை என்பதைத் தி லேயோ ஒரு வசனமும் இல்லாமல் காட்டிவிடுகிறார்.

இப்படங்கள் பிறந்த காலத்தை விட்டுவிட்டு அவற்றின் ஈர்ப்பைப் பேசுவது பயனற்றது. 1969 டிசம்பர் 12 அன்று மிலானின் ஃபொந்தானா சதுக்கத்தில் உள்ள வேளாண் வங்கியில் வெடித்த குண்டு 17 பேரைக் கொன்றது. ஓர் அராஜகவாதிக் குழுவின்மீது பழி போடப்பட்டது. விசாரணைக்குக் கொண்டுசெல்லப்பட்ட இரயில்வே ஊழியர் ஜுசெப்பே பினெல்லி காவல் தலைமையகத்தின் சாளரத்திலிருந்து விழுந்து இறந்தார். அவர் சாவுக்குப் பொறுப்பாளி என்று இடதுசாரிகள் குற்றஞ்சாட்டிய காவல் ஆணையர் லூயிஜி கலபிரேசி 1972 மே 17 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். குண்டுவெடிப்பு வழக்கு மிலானிலிருந்து நாட்டின் தென்கோடியில் உள்ள கத்தன்ஸாரோவுக்கு மாற்றப்பட்டு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2005-இல் உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு வழங்கியபோது, வலதுசாரித் தீவிரவாதிகள் இருவரின் பொறுப்பு தெரியவந்திருந்தும், முன்னரே இறுதியாக விடுவிக்கப்பட்டவர்கள் என்பதால் அவர்களை மீண்டும் விசாரிக்க இயலாதுபோயிற்று. 'ஈய ஆண்டுகள்' என்று இத்தாலியர் துப்பாக்கிக் குண்டின் பெயரால் அழைக்கும் அக்காலத்தில், செய்தவன் தெரியும், தண்டனை வராது என்ற உணர்வு நாட்டின் பொதுச் சொத்தாக இருந்தது. திரையில் ஒருவன் தன் மனைவி மக்களைக் கொன்றவர்களைத் தேடிப்பிடிப்பதைக் கண்டவர்கள், தங்கள் நீதிமன்றங்களில் காணாத ஒன்றையே அங்கே கண்டனர்.

சினத்தைப் பற்றி அரிஸ்டாட்டில் தம் 'சொல்லாட்சி'யில் கூறியது இங்கே பொருந்துகிறது: சினம் வலியோடு கூடியதாயினும், பழிதீர்ப்போம் என்ற எதிர்பார்ப்பினால் அதில் ஓர் இன்பமும் கலந்திருக்கிறது. அந்த இன்பத்தைத் திரை விலைக்குத் தருகிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. அது பார்ப்பவரை என்ன செய்கிறது என்ற கேள்வியைக் கிறித்தவ மரபில் மிகக் கூர்மையாகக் கேட்டவர் புனித அகுஸ்தீனார். 'ஒப்புதல்கள்' நூலில் அவர் தம் நண்பர் அலீப்பியுஸைப் பற்றிச் சொல்கிறார்: வாள்வீரர்களின் கொலை விளையாட்டை வெறுத்த அலீப்பியுஸை ரோமில் நண்பர்கள் வலிந்து அரங்குக்கு இழுத்துச் செல்ல, அவர் கண்களை இறுக மூடிக்கொண்டு அமர்ந்திருந்தார், கூட்டம் ஒரே குரலாய்ப் பேரிரைச்சல் எழுப்பிய கணத்தில் கண் திறந்தார், திறந்தவர் மூடவில்லை. அவர் கண்டது பிறன் ஒருவனின் காயம், அடைந்ததோ அதனினும் ஆழமான காயம் என்பது அகுஸ்தீனாரின் தீர்ப்பு. பிற்காலத்தில் அவ்விருவரும் 387-இல் திருமுழுக்குப் பெற்றது மிலான் நகரில், ஆயர் அம்புரோசியாரின் கையால். அதே அம்புரோசியார் மூன்றாண்டுகளுக்குப் பின், தன் தளபதி ஒருவரைக் கொன்றதற்குப் பழியாகத் தெசலோனிக்கா மக்களைக் கொன்று குவிக்கச் செய்த பேரரசர் தெயோதோசியுஸுக்கு, பகிரங்கமாகத் தவம் செய்யும்வரை நற்கருணையை மறுத்தார். பழியைப் பற்றிய இந்த வழக்கு மிலானில் திரைப்படத்தோடு தொடங்கவில்லை.

அகுஸ்தீனாரின் எச்சரிக்கையைத் தி லேயோ தம் வழியில் அறிந்திருந்தார் என்று கருத இடமுண்டு. அவருடைய 'இல் பாஸ்' (1973) பாலெர்மோவில் ஒரு திரையரங்கில் தொடங்குகிறது. படம் பார்த்துக்கொண்டிருக்கும் எதிரிக் கும்பலை, படம் ஓட்டும் அறையிலிருந்து எறிகுண்டுத் துப்பாக்கியால் ஒரு கூலிக்கொலையாளி அழிக்கிறான். திரைக்கு ஒளி வரும் அதே துளையிலிருந்து சாவும் வருகிறது. கொலையை வேடிக்கை பார்க்க வந்தவரை அவரைப் போன்ற பார்வையாளர்களின் சாவைக் காணச் செய்யும் இத்தொடக்கம், இவ்வகைப் படங்களில் வேறெங்கும் காணாத நேர்மையுடையது.

பழிவாங்கல் முழுவதும் பாவமே என்று கிறித்தவம் சொல்வதாகப் பலரும் எண்ணுகின்றனர். மரபு அவ்வளவு எளிதாக இல்லை. பழி கடவுளுக்கு உரியது, அவருக்கே விட்டுவிட வேண்டும் என்று பவுலடியார் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் கூறியதை ஏற்றுக்கொண்ட தாமஸ் அக்குவினாஸ், தம் 'இறையியல் தொகுப்பில்' தண்டித்தலை ஒரு நற்பண்பாகவே ஆராய்கிறார். தண்டிப்பவனின் நோக்கம் குற்றவாளியின் துன்பத்தில் மகிழ்வதாயின் அது தகாதது. குற்றவாளியின் திருத்தமோ, தீமையைத் தடுப்பதோ, நீதியைக் காப்பதோ ஆயின் ஏற்கத்தக்கது. எனினும் உயிரைப் பறிக்கும் தண்டனை பொது அதிகாரத்துக்கு மட்டுமே உரியது, தனி மனிதனுக்கு இல்லை. இந்த இலக்கணத்தின்படி அர்சென்தா இரண்டு முறை தோற்கிறான்: நோக்கமும் தூயதன்று, அதிகாரமும் அவனுக்கில்லை.

ஆனால் இலக்கணம் சொல்லாத ஒன்றைத் தாந்தே சொல்லியிருக்கிறார். நரக காண்டத்தின் 29-ஆம் படலத்தில், பகை விதைத்தவர்கள் தண்டனை அனுபவிக்கும் இடத்தில், கவிஞரின் சொந்த உறவினரான ஜெரி தெல் பெல்லோ கூட்டத்தில் நின்று அவரை நோக்கி விரலை நீட்டி மிரட்டிவிட்டுப் பேசாமல் போய்விடுகிறார். அவர் கொல்லப்பட்டவர், குடும்பத்தில் எவரும் அதற்குப் பழிதீர்க்கவில்லை, அதனால்தான் சினந்து போகிறார் என்று தாந்தே உணர்ந்து முன்னிலும் அதிகமாக இரங்குகிறார். தண்டனைக்குரிய இடத்தில் நிற்கும் குற்றவாளிக்கும் தீர்க்கப்படாத ஒரு வழக்கு உண்டு என்பதை அக்கவிஞர் மறைக்கவில்லை. மேலும் சில படலங்கள் கீழே, பனியில் உறைந்து கிடக்கும் உகோலினோ, தன்னையும் தன் பிள்ளைகளையும் கோபுரத்தில் அடைத்துப் பட்டினியால் கொன்ற பேராயர் ருஜ்ஜேரியின் தலையை ஓயாமல் கடித்துக்கொண்டிருக்கிறார். அவர் கேட்ட பழி அவருக்குக் கிடைத்துவிட்டது, முடிவில்லாமல். அது கிடைத்த இடம் நரகம். கூலிக்கொலையாளியின் பழிவாங்கலைச் சொல்லும் இத்தாலியப் படங்கள் இந்த இரண்டு காட்சிகளுக்கு இடையில் வாழ்கின்றன: ஜெரியின் விரலுக்கு அவை பதில் சொல்கின்றன, உகோலினோவின் பனியில் போய் முடிகின்றன. 'சித்தா வியோலெந்தா'வின் இறுதியில் சார்லஸ் பிரான்சனின் ஜெஃப், தன்னைக் காட்டிக்கொடுத்த காதலியை உயரே ஏறும் கண்ணாடி மின்தூக்கியில் வைத்துச் சுட்டபின் தப்பி ஓடுவதில்லை. காவலரின் குண்டுக்குத் தன்னைக் கொடுத்துவிடுகிறான். அர்சென்தாவும் சமாதானம் என்று நம்பி வந்த சிசிலித் திருமணத்தில் சாகிறான். பழியை முடித்தவனை உயிரோடு வீட்டுக்கு அனுப்பி, பார்வையாளரையும் நிம்மதியாக அனுப்பிவைக்கும் படங்களைவிட இவ்விரண்டும் உயர்ந்தவை.

'மிலானோ காலிப்ரோ 9' இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. கீவில் பிறந்து மிலானில் வாழ்ந்து மறைந்த ஜோர்ஜோ ஸ்செர்பனென்கோவின் கதைகளைத் தழுவிய இப்படத்தில், சிறையிலிருந்து வெளிவரும் ஊகோ பியாத்ஸா கும்பலின் பணத்தைத் திருடினான் என்று சந்தேகித்து, ரோக்கோ என்னும் முரடன் அவனைப் படம் முழுவதும் அடித்தும் இழிவுபடுத்தியும் துரத்துகிறான். முடிவில் ஊகோவை வேறொருவன் முதுகுக்குப் பின்னாலிருந்து சுட்டுக் கொல்ல, அங்கே வந்து நிற்கும் ரோக்கோ, அதுவரை தான் வதைத்த அதே மனிதனுக்காகக் கொதித்தெழுந்து, சுட்டவனின் தலையைத் திரும்பத் திரும்ப மோதிக் கொல்கிறான். இப்படிப்பட்ட மனிதனை நீ தொட்டிருக்கக் கூடாது என்பதே அவன் அலறலின் பொருள். இரத்த உறவில்லை, நட்பில்லை, இலாபமில்லை. ஒரு மனிதனின் மதிப்பு மீறப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காகச் சட்டமும் சமயமும் தீண்டாத ஒரு கீழ்மகன் வெடிக்கிறான். நீதியுணர்வு நல்லவர்களின் தனியுடைமை இல்லை என்பதை இதைவிட அழுத்தமாகச் சொன்ன காட்சி அக்கால இத்தாலியப் படங்களில் அரிது. அந்த உணர்வுக்குக் கொலையைத் தவிர வேறு மொழி தெரியவில்லை என்பது அதன் அவலம்.

வேறு மொழி அதே நகரத்தில் இருந்தது. அரசின் தண்டனை பழிவாங்கலாக இருத்தல் ஆகாது என்று 1764-இல் வாதிட்ட செசாரே பெக்காரியா மிலான்காரர். அவர் மகள் வயிற்றுப் பேரன் அலெஸ்ஸாந்த்ரோ மன்சோனியின் 'மணம் பேசியோர்' என்ற புதினத்தில், 17-ஆம் நூற்றாண்டு லொம்பார்தியின் கூலிப்படையினர் முதல் அத்தியாயத்திலேயே வருகின்றனர். தெருச்சண்டையில் ஒருவரைக் கொன்றுவிட்டுத் துறவியான கிறிஸ்தோஃபோரோ, இறந்தவரின் சகோதரர் காலில் விழுந்து மன்னிப்புப் பெற்று, விருந்தை மறுத்து ஒரு ரொட்டியை மட்டும் கேட்டு வாங்குகிறார்; அதில் ஒரு துண்டை வாழ்நாள் முழுதும் வைத்திருந்து, மிலானின் கொள்ளைநோய் முகாமில் சாகும் தறுவாயில், மணம் பேசப்பட்ட இளம் இணையரிடம் கொடுக்கிறார். தி லேயோவின் உலகில் அந்த ரொட்டிக்கு இடமில்லை. நரகத்தை அவர் துல்லியமாக வரைந்தார். அதற்கு வெளியே செல்லும் வழியை வரையவில்லை. இதைக் கலைக்குறை என்பதைவிட அவநம்பிக்கை என்பதே பொருந்தும். மன்னிப்பு என்றால் வழக்கை மறந்துவிடுவது என்று கருதிய ஒரு காலத்தின் அவநம்பிக்கை அது. நீதி கிடைக்காத இடத்தில் மன்னிப்பைப் பேசுவது குற்றவாளிக்குச் செய்யும் உதவி என்ற அச்சத்தில் நியாயமும் உண்டு.

அந்த அச்சத்துக்கு நேரடியான பதில் 1980 பிப்ரவரியில் ரோமில் கிடைத்தது. நீதித்துறை உயர்மன்றத்தின் துணைத் தலைவரும் சட்டப் பேராசிரியருமான வித்தோரியோ பாக்கெலெத்தை அம்மாதம் 12-ஆம் நாள் பல்கலைக்கழகத்திலேயே இடதுசாரி ஆயுதக் குழுவான சிவப்புப் படையினர் சுட்டுக் கொன்றனர். அடக்கத் திருப்பலியின் மன்றாட்டு வேளையில் அவருடைய இளவயது மகன் ஜொவான்னி, நாட்டுக்காகவும் நீதிபதிகளுக்காகவும் காவலர்களுக்காகவும் வேண்டியபின், தந்தையைக் கொன்றவர்களுக்காகவும் வேண்டினார்; நீதி வெல்ல வேண்டும், அதில் எதையும் விட்டுக்கொடுக்காமலேயே தங்கள் உதடுகளில் பழி இராமல் மன்னிப்பு இருக்கட்டும் என்பது அம்மன்றாட்டின் கருத்து. வழக்கைக் கைவிடாமல் கொலையைக் கைவிடும் அந்த நிலையைத்தான் அர்சென்தாவும் கனாலியும் ரோக்கோவும் அறியவில்லை. அவர்களுடைய துக்கத்தில் இருந்த உண்மையை மறுக்காமல் அவர்களுக்குச் சொல்லக்கூடிய ஒரே பதிலும் அதுவே. பின்னாளில் சிறையிலிருந்த முன்னாள் ஆயுதப் போராளிகள் சிலர், அந்த மன்றாட்டை நினைவுகூர்ந்து, இறந்தவரின் உடன்பிறந்தவரான இயேசு சபைத் துறவி அதோல்ஃபோ பாக்கெலெத்துக்குக் கடிதம் எழுதித் தங்களைக் காண வருமாறு கேட்டனர். அவர் ஆண்டுக்கணக்கில் சிறை சிறையாகச் சென்று அவர்களைச் சந்தித்தார்.