தோல்விக்குப் பொறுப்பாளி யார்?

ஒரு நிறுவனம் சீரழியும்பொழுது அதன் பழியை யார்மீது சுமத்துவது என்பது அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. கட்டளையிட்டவனா, அதை நிறைவேற்றியவனா, அதைச் சகித்துக்கொண்டிருந்தவனா? இவ்வினாவைத் தத்துவ நூல்களில் மட்டுமே தேடவேண்டும் என்பதில்லை. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பேஸ்போல் ஆட்டத்தின் இரசிகர்கள் மதுச்சாலையிலும் வானொலி நிகழ்ச்சியிலும் அரங்கின் படிக்கட்டுகளிலும் சில ஆண்டுகளாக இதையே விவாதித்து வருகின்றனர். விளையாட்டுப் பேச்சு வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர்: உழைக்கும் மக்களிற் பலர் நீதி அநீதியைப் பற்றித் தயக்கமின்றி வாய்திறக்கும் இடங்களுள் அதுவும் ஒன்று.

வைற் சொக்ஸ் என்பது அந்நகரின் தென்பகுதியைச் சேர்ந்த அணி. இறைச்சித் தொழிற்சாலைகளும் உருக்காலைகளும் ஒருகாலத்தில் நிறைந்திருந்த பகுதி அது. 2005ஆம் ஆண்டில் நாட்டின் முதன்மைக் கிண்ணத்தை வென்ற இவ்வணி, 2024ஆம் ஆண்டுப் பருவத்தின் 162 ஆட்டங்களில் 41ஐ மட்டுமே வென்று 121இல் தோற்றது. 1900க்குப் பின்னர் ஒரே பருவத்தில் இத்தனை தோல்விகளை வேறெந்தப் பெரும்பிரிவு அணியும் கண்டதில்லை. இடையில் 21 ஆட்டங்களில் தொடர்ச்சியாகத் தோற்றது. ஓகஸ்ட் 8ஆம் திகதி களத் தலைமைப் பயிற்றுநர் பெட்றோ கிறிபோல் நீக்கப்பட்டார். அதற்கு முந்திய ஆண்டின் ஓகஸ்ட் மாதத்தில், அணிக்கு வீரரைத் தெரிதலும் விற்றலும் வாங்கலும் செய்யும் நிருவாக மேலிடத்தின் தலைவர்களான கென் வில்லியம்சும் றிக் ஹானும் ஒரே நாளில் அனுப்பப்பட்டிருந்தனர். சில நாட்களுக்குள் அதே அலுவலகத்திற் பணிபுரிந்த கிறிஸ் கெற்ஸ் அவ்விடத்துக்கு உயர்த்தப்பட்டார்.

இரசிகரின் வாதம் இங்கேதான் தொடங்குகிறது. அழிந்த வீட்டுக்கு அதே வீட்டிலிருந்தே மேத்திரியாரை அழைத்ததேன் என்று ஒரு சாரார் கேட்கின்றனர். முன்னவர் விட்டுச்சென்ற இடிபாட்டுக்கு இவர் என்ன செய்வார், ஐந்தாண்டாவது கொடுத்துப் பாருங்கள் என்று மறு சாரார் கூறுகின்றனர். இரு சாராரும் ஊழியம் பெறும் ஓர் அலுவலரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வாதாடுகின்றனர் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

பொறுமையை வேண்டுவோரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. அவர்கள் ஹூஸ்ரன் நகரின் அஸ்ரோஸ் அணியைச் சான்று காட்டுவர். 2011 முதல் 2013 வரையான மூன்று பருவங்களில் அவ்வணி 324 ஆட்டங்களில் தோற்றது. மூத்த வீரரை விற்று, கடைநிலை அணிகளுக்குக் கிடைக்கும் முன்னுரிமையால் இளைஞரைத் தெரிந்து, 2017இல் கிண்ணத்தையும் வென்றது. எனவே இன்றைய தோல்வி நாளைய வெற்றிக்கான விலை என்பர். (அவ்வெற்றி ஆண்டில் எதிரணியின் சைகைகளைக் கமராமூலம் திருடியமை பின்னர் வெளிப்பட்டதால் நிருவாகத் தலைவர் 2020இல் வேலையிழந்தார் என்பதை இவ்வாதத்தினர் சற்று மெல்லிய குரலிலேயே சொல்வர்.)

ஆனால் விலை கொடுப்பவர் யார் என்பதே நமது வினா. வருங்காலத்துக்காக நிகழ்காலத்தைத் தியாகஞ் செய்தல் சில வேளைகளில் உயர்ந்த அறமாகலாம். தன் காலத்தைத் தானே அளிப்பவனுக்கு அது பொருந்தும். பிறனுடைய காலத்தைக் கேளாமலே எடுத்து அளிப்பவன் தியாகியாகான். தோற்கும் பருவத்திலும் அனுமதிச் சீட்டை விலை கொடுத்தே வாங்க வேண்டும். வெறிச்சோடிய அரங்கிற் கடலை விற்பவனுக்குக் கூலி குறைகிறது. இரண்டாண்டு மட்டுமே பெரும்பிரிவில் ஆடக்கூடிய இளைஞனின் இரண்டாண்டும் அத்தோல்வியிலேயே கழிகின்றன. சிக்காகோவில் இத்தியாகம் இருமுறை கோரப்பட்டது. 2016இன் இறுதியில் சிறந்த பந்து வீச்சாளர் கிறிஸ் சேலைக் கைமாற்றி ஒரு திட்டம் தொடங்கிற்று. 2018இல் 100 தோல்விகள் நேர்ந்தன. 2020இலும் 2021இலும் அணி இறுதிச் சுற்றுக்குள் நுழைந்து முதற்கட்டத்திலேயே வெளியேறியது. பின்னர் மறுபடியும் 'கட்டியெழுப்புதல்'. 121 தோல்விகளுக்குப் பின்னும், 2025இல் இளைஞரைத் தெரியும் வரிசையில் அணிக்குக் கிடைத்தது பத்தாம் இடமே. தொடர்ந்து தோற்று இலாபம் பெறுவதைத் தடுக்க வகுத்த விதியொன்று குறுக்கிட்டது.

இதே அணியின் வரலாற்றில் வேறொரு தோல்வியும் உண்டு. 1919ஆம் ஆண்டு இறுதித் தொடரில், சூதாடிகளிடம் பணம்பெற்றுத் தோற்கச் சதி செய்ததாக அணியின் எட்டு வீரர்கள் குற்றஞ்சாட்டப்பட்டனர். 1921இல் யூரிமார் அவர்களை விடுதலை செய்தனர். எனினும் ஆட்டத்தின் ஆணையாளராயிருந்த நீதிபதி லாண்டிஸ் எண்மரையும் என்றென்றைக்குமாக விலக்கிவைத்தார். அவர்கள் அனைவரும் இறந்து நெடுங்காலம் சென்றபின், 2025 மே மாதத்திலேயே அத்தடை அகற்றப்பட்டது. அணியின் அந்நாளைய உடைமையாளர் கொமிஸ்கியின் கஞ்சத்தனமே வீரரைச் சதிக்குத் தள்ளிற்று என்றொரு கதையுண்டு; பிற்கால ஆய்வாளர் அதை ஐயுறுவதால் நாம் அதைத் துணைக்கழைக்கவில்லை. நாம் கேட்பது வேறு. கூலிபெறும் வீரன் தோற்க எண்ணினால் அது ஆட்டத்தின் தூய்மையைக் கெடுத்த பெருங்குற்றம். மேலிடம் வெல்ல இயலாத அணியைத் தெரிந்தே களமிறக்கினால் அது திட்டம், தூரநோக்கு, முகாமைத் திறன். வைற் சொக்ஸ் மேலிடம் 2024இல் வேண்டுமென்றே தோற்றது என்று நாம் கூறவில்லை. திறமையின்மையே அதற்குப் போதிய விளக்கமாகலாம். ஆனால் ஒரே விளைவுக்கு, செய்பவனின் வர்க்கத்துக்கேற்ப இருவேறு பெயர்களைச் சூட்டும் ஒழுக்கவியல் ஆராயத்தக்கது.

இரசிகரின் மொழியே இதற்குச் சான்று. வீரனைச் 'சொத்து' என்கின்றனர். 'விலை உச்சத்தில் இருக்கையில் விற்றுவிடு' என்கின்றனர். உடைமையாளரின் சம்பளப் பட்டியலைத் தம் வீட்டுக் கணக்குப்போல் மனனஞ் செய்து, யாரை வெட்டினால் எவ்வளவு மிஞ்சும் என்று கூட்டிக் கழிக்கின்றனர். தம் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு என்றாற் கொதித்தெழும் மனிதர், மாலையில் அரங்குக்கு வந்ததும் ஊதியம் பெறாத கணக்காளராகிவிடுகின்றனர். 1969 டிசெம்பரில், பன்னிரண்டு ஆண்டுகள் ஆடிய தன்னை வேறோர் அணிக்குக் கைமாற்றியதை எதிர்த்து, தான் வாங்கி விற்கும் பொருளல்லன் என்று ஆணையாளருக்கு எழுதினார் கேட் பிளட் என்னும் கறுப்பின வீரர். 1972இல் உயர்நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பேஸ்போலுக்கு ஏகபோகத் தடைச்சட்டம் பொருந்தாது என்று 1922இல் அதே நீதிமன்றம் கூறியதே அடிப்படையாயிற்று. பிளட் தொடங்கிய போராட்டத்தின் பயனை 1975இற்குப் பின்வந்த வீரர்கள் அனுபவித்தனர். இன்றைய வீரரிற் பலர் செல்வர். அவர்களுக்காக நாம் கண்ணீர் வடிக்க வேண்டியதில்லை. மனிதனை விலைப்பொருளாகக் காணும் பழக்கம், அதனால் யாதொரு பயனும் பெறாதவனிடமும் குடியேறிவிடுவதே கவலைக்குரியது.

இனி, கூண்டில் ஏறாதவரைப் பார்ப்போம். ஜெரி ரைன்ஸ்டோர்பின் தலைமையிலான குழுவினர் 1981இல் ஏறத்தாழ 2 கோடி டொலருக்கு இவ்வணியை வாங்கினர். இன்று அதன் மதிப்பு 100 கோடி டொலரை எவ்வளவோ கடந்துவிட்டது. தேசியத் தொலைக்காட்சி வருவாய் முப்பது அணிகளுக்கும் சமமாகப் பங்கிடப்படுவதால் தோல்வி அப்பங்கைக் குறைப்பதில்லை. 1988இல், புதிய அரங்கு கிடைக்காவிடின் அணி புளோரிடாவுக்குச் சென்றுவிடும் என்ற அச்சுறுத்தலின் கீழ் இலினோய் மாநிலச் சட்டசபை பொதுப்பணத்தை ஒதுக்கியது. 1991இல் அரங்கு திறக்கப்பட்டது. 2024இல், அணி தோற்றுக்கொண்டிருந்த அதே ஆண்டில், மற்றுமொரு புதிய அரங்குக்காகப் பொதுப்பணம் மறுபடியும் நாடப்பட்டது. பயிற்றுநர் நீக்கப்படுவார், முகாமையாளர் நீக்கப்படுவார், 2020இல் எழுபத்தாறு வயது ரோனி லா ரூசாவைப் பயிற்றுநராக்கியது உடைமையாளரின் சொந்த விருப்பம் என்று பரவலாகக் கூறப்பட்டபோதிலும், அத்தெரிவுக்காக அவரை நீக்க ஒருவருமில்லை. பொறுப்பு அதிகாரத்தைத் தொடர்ந்து செல்ல வேண்டுமென்பது அறம். இங்கோ அது கீழ்நோக்கியே ஒழுகுகிறது.

பிடிக்காவிட்டால் வேறு அணியைப் பார்க்கலாமே என்று சந்தைப் பொருளியலாளர் கேட்கக்கூடும். நகரின் வடபகுதியில் கப்ஸ் என்ற அணியும் உண்டு. பாட்டன் கைப்பிடித்துக் காட்டிய அணியைச் சவர்க்காரம் மாற்றுவதுபோல் மாற்றிக்கொள்ளும் தென்பகுதி மனிதனை அவர்கள் கண்டதுண்டோ?

2024 செப்டெம்பர் இறுதியில், 120 தோல்விகளுடன் அணி தன் அரங்குக்கு வந்தபோது, 121ஆவது தோல்வியைக் கண்ணாற் காணவென்றே வந்தவரும் இருந்தனர். 'அணியை விற்றுவிடு' என்னும் முழக்கம் அரங்கில் எழுந்தது. அணியோ அந்த மூன்று ஆட்டங்களையும் வென்றுவிட்டு, டிட்ரோயிற்றுக்குச் சென்று தோற்றது! அம்முழக்கம் விவாதத்தை அலுவலகத்திலிருந்து உடைமைக்கு உயர்த்தியது. அவ்வளவில் அது முன்னேற்றமே. ஆயினும் விற்பது யாருக்கு? இன்னொரு செல்வருக்கு. அமெரிக்க உதைபந்தாட்டத்தில் கிறீன் பே நகரின் அணி 1923 முதல் இலாபப் பங்கு பெறாத பங்குதாரரின் உடைமையாக இருந்துவருகிறது. இன்று அவர்கள் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோர். அச்சங்கத்தின் விதிகளோ வேறோர் அணி அவ்வாறு அமைவதை அனுமதிப்பதில்லை.

2025இல் வைற் சொக்ஸ் 102 ஆட்டங்களில் தோற்றது. அவ்வாண்டு யூன் மாதத்தில், அணியின் வருங்காலம் பற்றிய உடன்படிக்கையொன்று வெளியிடப்பட்டது. 2029க்கும் 2033க்கும் இடையில் விரும்பினால் ரைன்ஸ்டோர்ப் தம் கட்டுப்பாட்டை ஜஸ்ரின் இஷ்பியா என்னும் முதலீட்டாளருக்கு விற்கலாம். 2034ஆம் ஆண்டுப் பருவத்தின் பின்னர் இஷ்பியா விரும்பினால் அதை வாங்கலாம். விருப்பம் என்ற சொல் அவ்வுடன்படிக்கையில் இருவருக்கே உரியது. தென்பகுதியின் மதுச்சாலைகளில், கெற்சுக்கு இன்னும் எத்தனை ஆண்டு கொடுக்கலாம் என்ற விவாதம் தொடர்கிறது.