ஏற்பதும் ஈகையே

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் பென்னலூரைக் கடக்கும்போதெல்லாம், இந்த மண்ணில் இன்று எத்தனை மொழிகள் ஒலிக்கின்றன என எண்ணி வியக்கிறோம். 1985-இல் தோன்றிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி இங்குதான் உள்ளது. 1993-இல் நிறுவப்பட்ட ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் பல மாநில இளைஞரை ஸ்ரீபெரும்புதூருக்கு அழைத்து வருகிறது. அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கொரிய நிறுவனத்தின் கார்கள் உருவாகின்றன. தமிழகக் கல்விக்கூடங்களை நாடி ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளிலிருந்தும் மாணவர் வருகின்றனர். இவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் எது?

விருந்தோம்பலே அக்கடன் என்று நாம் எளிதில் விடை கூறிவிடுவோம். நாமும் அவ்வாறுதான் எண்ணியிருந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், கிழக்கு ஆப்பிரிக்க நாடொன்றிலிருந்து வந்து இப்பகுதியில் பொறியியல் பயின்ற ஓர் இளைஞர், நம் ஆலயத்தின் கடைசி வரிசையில் அமர்ந்து ஞாயிறு திருப்பலியில் பங்கேற்று வந்தார். கிறிஸ்து பிறப்பு விழாவன்று அவருக்குப் பொன்னாடை போர்த்தினோம், பிரியாணி பரிமாறினோம், நிழற்படமும் எடுத்துக்கொண்டோம். கடமை முடிந்ததென்று மனநிறைவு கொண்டோம். மறு ஆண்டு அழைத்தபோது அவர் தயங்கினார். காரணம் கேட்டோம். "தந்தையே, இங்கே எல்லாரும் எனக்குக் கொடுக்கிறார்கள். என்னிடம் எவரும் எதையும் கேட்டதில்லை. என் வீட்டில் நான் மூத்த மகன், தம்பி தங்கையருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவன்" என்றார்.

அச்சொல் நம்மைச் சுட்டது. எப்போதும் கொடுப்பவராகவே இருக்க விரும்புவதில் நுண்ணியதோர் ஆணவம் ஒளிந்திருக்கிறது. கொடுக்கும் கை மேலே இருக்கிறது. பெறும் கை என்றும் கீழேயே இருந்தால் அங்கே நன்றி வளரலாம், நட்பு வளராது.

அப்படியாயின் உதவி வேண்டாமா? கட்டாயம் வேண்டும். 180 நாட்களுக்கு மேற்பட்ட விசாவில் வரும் அயல்நாட்டு மாணவர், வந்த 14 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். மொழி தெரியாத ஊரில் அதற்கு வழிகாட்டவும், வாடகை வீடு தேடித் தரவும், காய்ச்சலில் உடனிருக்கவும் ஆள் தேவை. ஆயினும் உதவி தொடக்கமேயன்றி முடிவன்று. அவர்களை ஆண்டுவிழா மேடையில் அவர்கள் நாட்டு உடையில் ஆடச் சொல்வதும் போதாது. அது அவர்களைக் காட்சிப்பொருளாக்குவது. அவர்களின் அறிவும் உழைப்பும் அன்பும் நமக்குத் தேவை என்று மெய்யாகவே உணர்ந்து கேட்பதுதான் கேட்பது.

இயேசு பெருமான் சமாரியப் பெண்ணிடம் முதலில் எதையும் கொடுக்கவில்லை; தண்ணீர் கேட்டார். எம்மாவுச் சீடர்கள் வழிப்போக்கர் ஒருவரை வற்புறுத்தித் தங்க வைத்தனர். பந்தியிலோ அவரே அப்பத்தைப் பிட்டு அவர்களுக்கு அளித்தார். விருந்தினர் விருந்தளிப்பவரானபோதுதான் சீடர்களின் கண்கள் திறந்தன.

நம் தமிழும் இதனை அறியும். இத்தாலியில் 1680-இல் பிறந்த பெஸ்கி அடிகளாருக்கு இம்மண் எழுத்தறிவித்தது. அத்தோடு நின்றிருந்தால் அவர் அயலாராகவே இருந்திருப்பார். அவர் தந்த தேம்பாவணியையும் 1732-இல் உருவான சதுரகராதியையும் தமிழ் ஏற்றுக்கொண்டது. அவர் நமக்கு வீரமாமுனிவரானார்.

அவ்விளைஞரிடம் நாமும் கேட்டோம்: பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பிக்க இயலுமா? வாரம் இரு மாலைகள் வந்தார். பிள்ளைகள் அவருக்கு ழகரம் கற்பித்தனர், அவர் தடுமாறும்போது சிரித்தனர், அவரும் சிரித்தார். விரைவில் அவர் எல்லாருக்கும் 'அண்ணன்' ஆனார்.

படிப்பு முடிந்து அவர் நாடு திரும்பிய வாரம், மாலை வகுப்புக்கு வந்த பிள்ளைகள் கரும்பலகையின் முன் வெறுமனே அமர்ந்திருந்தனர். விருந்தினர் சென்றால் வீடு ஓய்வு கொள்ளும். உடன்பிறந்தவர் சென்றால் வீடு வெறிச்சோடும். அன்று நம் ஆலய வளாகம் வெறிச்சோடிக் கிடந்தது.